மலையும் மகாவலியும் மாரியும்
(கம்பளைப் பிரதேசத்தின் இயற்கை அமைப்பு பற்றிய ஒரு நோக்கு)

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றும் சிறப்புற அமைந்த இடமே வழிபாட்டுக்கு உகந்த இடம் என்பது சைவப் பெரியோர் கண்ட முடிபாகும். இவற்றுள் மூர்த்தியின் பெருமை பற்றி ஆலய மலர்களில் நிறையவே எழுதப்படுகின்றது. தலம் என்பது ஆலயம் நிற்கும் மண். தீர்த்தம் என்பது அந்த மண்ணில் ஊறியும் ஓடியும் வரும் நீர். இவை இரண்டையும் பற்றி அவ்வளவாக எழுதப்படுவதில்லை. கம்பளையைச் சூழ்ந்த மலையடிவாரக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் வாழும் அடியார்கள் தாம் நிற்கும் நிலத்தையும் குடிக்கும் நீரையும் அறிந்திருத்தல் நன்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பேரநர்த்தத்தின் பின்னர், அந்த அறிவு உயிர் காக்கும் அறிவாகவும் ஆகிவிட்டது.

அமைவிடம்

கண்டி மாநகருக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தில், மகாவலி கங்கையின் கரையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 அடி உயரத்தில் கம்பளை அமைந்துள்ளது. இது கண்டி மாவட்டத்தின் உடபளாத்த பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. வடக்கே பேராதனை, வடகிழக்கே ஹந்தானை மலைத்தொடர், மேற்கே தொலஸ்பாகை மலைகள், தெற்கே நாவலப்பிட்டி, தென்கிழக்கே புசல்லாவையும் கொத்மலையும் என நாற்புறமும் மலைகள் சூழ, நடுவே ஆறு ஓடும் பள்ளத்தாக்கு இது. நகரை அடுத்து எழுந்து நிற்கும் அம்புலுவாவ மலை 3,567 அடி உயரமானது. நகரத் தெருவில் நின்று பார்ப்பவர், தம் தலைக்கு மேல் ஏறக்குறைய 2,000 அடி உயரமுள்ள மலையைப் பார்க்கின்றார் என்பது பொருள். நான்கு சமயங்களின் வழிபாட்டிடங்களும் அம்மலையில் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

இலங்கையின் நிலவமைப்பைப் புவியியலாளர் மூன்று படிகளாகக் காட்டுவர். கரையோரத் தாழ்நிலம் முதற்படி. சராசரி 1,600 அடி உயரத்தில் அமைந்த கண்டி, கம்பளை முதலிய இடங்கள் இரண்டாம் படி. நுவரெலியா, ஹோட்டன் சமவெளி முதலியவை 6,000 அடியளவில் அமைந்த மூன்றாம் படி. ஆகவே, கம்பளை என்பது உயர்மலை நாட்டின் வாசற்படி எனலாம். மேற்படியில் பொழியும் மழை வழிந்து வந்து சேரும் இடமும் இதுவே.

ஆற்று வளமும் மலை அரணும் ஒருங்கே அமைந்த இந்த இடம் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓர் இராசதானியாகவும் விளங்கிற்று. நான்காம் புவனேகபாகு மன்னன் இதனைத் தலைநகராக்கினான். கங்கசிறிபுர என்பது அக்காலப் பெயர். 1344ஆம் ஆண்டளவில் எழுந்த கடலாதெனிய விகாரை, கணேஸ்வராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பியின் தலைமையில் திராவிடக் கலைமரபில் கட்டப்பட்டது. இலங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. இப்பள்ளத்தாக்கில் தமிழ் ஒலித்தது தேயிலைக் காலத்தில் மட்டுமன்று என்பதற்கு அப்பாறையே சான்றாகும்.

பாறையும் மண்ணும்

மத்திய மலைநாட்டின் பாறைகள் உலகின் மிகப் பழைய பாறைகளைச் சேர்ந்தவை. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய நைஸ், சார்னொக்கைற், படிகப்பாறை முதலியன இங்கு காணப்படுகின்றன. மிக நீண்ட காலமாக வெயிலும் மழையும் பட்டுப் பட்டு, இப்பாறைகளின் மேற்பகுதி உக்கி மண்ணாகியுள்ளது. செம்மஞ்சள் நிறமான இம்மண் சில இடங்களில் ஓரடி ஆழமே உள்ளது. வேறு சில இடங்களில், குறிப்பாக மலையடிவாரங்களில், மேலிருந்து சரிந்து வந்து தேங்கிய மண்ணும் கற்களும் பல அடி ஆழத்துக்குக் குவிந்து கிடக்கின்றன.

இங்குதான் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உள்ளது. மலை உறுதியானது. மலையின் மேலே போர்த்தியிருக்கும் மண் அவ்வாறன்று. சாய்த்து வைத்த பலகை மீது ஈரமணலைப் பரப்பினால் அது ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் தொடர்ந்து நீரை ஊற்றினால் ஒரு கட்டத்தில் மணல் முழுவதும் ஒன்றாக வழுக்கி விழும். மலைச்சரிவிலும் நிகழ்வது இதுவே. நீர் ஊறிய மண் பாரம் கூடுகின்றது. மண் துணிக்கைகளுக்கு இடையே நிறைந்த நீர் அவற்றின் பிடிப்பைத் தளர்த்துகின்றது. அடியிலுள்ள பாறை வழுக்குத் தளமாகின்றது. ஆழ வேரோடிய மரங்கள் நிற்கும்வரை அவ்வேர்கள் மண்ணைத் தைத்த நூல்போலப் பிடித்து வைத்திருக்கும்.

மாரி

கம்பளைக்கு இரு பருவக்காற்றுகளும் மழை தருகின்றன. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகின்றது. இந்தியப் பெருங்கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் அக்காற்று, மேற்கு மலைச்சரிவுகளில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகப் பெய்கின்றது. இதனால் ஹட்டனுக்கு மேற்கேயுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் கூடுதலான மழை பெய்கின்றது. அங்கிருந்து நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி என வடக்கே வர வர மழை படிப்படியாகக் குறைந்து, கண்டியில் 2,000 மில்லிமீற்றரளவில் நிற்கின்றது. மார்கழி முதல் மாசி வரை வடகீழ்ப் பருவக்காற்றின் மழை ஓரளவு கிடைக்கும். இவற்றுக்கு இடைப்பட்ட சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் வேளைகளில் இடியுடன் கூடிய மழை பெய்யும். வங்கக்கடலில் தாழமுக்கமும் சூறாவளியும் தோன்றும் காலமும் ஐப்பசி, கார்த்திகையே ஆகும்.

மாரி என்னும் சொல்லுக்கு மழை என்பதே பொருள். மழை பொய்த்தால் கொழுந்து இல்லை, மிஞ்சினால் மலை நில்லாது என்பதை நன்கு அறிந்த மக்கள் மாரியம்மனைத் தோட்டந்தோறும் வைத்து வணங்கி வருவதில் வியப்பில்லை.

மகாவலி கங்கை

335 கிலோமீற்றர் நீளமுடைய மகாவலி, இலங்கையின் மிக நீண்ட ஆறாகும். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் நீர் இதில் வந்து சேர்கின்றது. ஹட்டன் மேட்டுநிலத்தில் தோன்றும் ஓயாவும், ஹோட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளிலிருந்து தலவாக்கலை வழியாக வரும் கொத்மலை ஓயாவும் இதன் தலையாறுகளாகும். இவை கம்பளைக்கு மேலே ஒன்றுகலந்து ஒரே ஆறாகி நகரைக் கடக்கின்றன.

ஹட்டனைச் சுற்றியுள்ள மலைமுகடு ஒரு நீர்ப்பிரிமேடாகும். அம்முகட்டின் ஒரு பக்கத்தில் விழும் மழைத்துளி களனி கங்கையில் சேர்ந்து கொழும்புக்கு அருகே கடலை அடையும். மறுபக்கத்தில் விழும் துளி மகாவலியில் சேர்ந்து கம்பளை வழியாகப் பேராதனைக்கு வந்து, கண்டியைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பி, மினிப்பேக்கு அப்பால் வடக்கே ஓடித் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவில் கலக்கும். அதன் கிளையாகிய வெருகல் ஆற்றின் கரையில்தான் சித்திரவேலாயுத சுவாமி கோயில் கொண்டுள்ளார். குடாவின் வடபுறத்தே, கடலை நோக்கிய குன்றின்மீது திருக்கோணேஸ்வரம் விளங்குகின்றது. ஆகவே, கம்பளையில் கரகம் பாலித்த நீர் கோணேசர் குன்றைத் தழுவும் கடலில் சென்று கலக்கின்றது. இங்கு ஆற்றில் எறியப்படும் பொலித்தீனும் அதே வழியில்தான் செல்கின்றது என்பதையும் அடியார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த ஆறு நாட்டுக்கு விளக்கேற்றுகின்றது, சோறும் இடுகின்றது. சுவீடன் நாட்டு உதவியுடன் அமைக்கப்பட்டு 1985இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை அணை 87 மீற்றர் உயரமானது. அங்கிருந்து சுரங்க வழியே செல்லும் நீர், நிலத்தடி மின்நிலையத்தில் 201 மெகாவற் வரை மின்சாரம் பிறப்பித்த பின்னர் மீண்டும் மகாவலியை அடைகின்றது. 1976இல் அமைந்த பொல்கொல்லை அணைக்கட்டில் நீரின் ஒரு பகுதி திருப்பப்பட்டு, வடமத்திய மாகாணத்து வயல்களுக்குச் செல்கின்றது. பெருமழைக் காலத்தில் கொத்மலையின் வான்கதவுகள் திறக்கப்படும்போது கம்பளை, பேராதனைத் தாழ்நிலங்களில் ஆற்றுமட்டம் உயரும். எனவே, அவ்வறிவித்தல்களை ஆற்றங்கரையோர் அசட்டை செய்தலாகாது.

காடு தோட்டமான கதை

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இம்மலைகளில் பெரும்பகுதி அடர்ந்த காடாகவே இருந்தது. 1824இல், ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் காலத்தில், ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கம்பளைக்கு அருகிலுள்ள சிங்காபிட்டியில் கோப்பித் தோட்டம் அமைத்தார். இலங்கையின் பெருந்தோட்ட வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகின்றது. மலையகத் தமிழ் மக்களின் வரலாறும் அவ்வாறே. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் அதற்கு அப்பாலும் நடந்து வந்த முன்னோர், காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே பலரை இழந்தனர். எஞ்சியோர் வந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு அம்மனை வணங்கினர். அந்தக் கற்களே பின்னாளில் ஆலயங்களாயின.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழிக்க, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1874இல் புகையிரதம் கம்பளையைக் கடந்து நாவலப்பிட்டி வரை சென்றது. 2,000 அடிக்கும் 4,000 அடிக்கும் இடையில் விளையும் தேயிலை மத்திய மலைநாட்டுத் தேயிலை எனப்படும். கம்பளைச் சூழலின் தேயிலையில் பெரும்பாலானது இவ்வகையே.

காடு வெட்டப்பட்டபோது மண் கழுவுண்டு போவதைத் துரைமார் விரைவிலேயே கண்டனர். அதனால்தான் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டும் முறை வந்தது. சரிவில் வேகமாக இறங்கும் மழைநீரைக் கான்கள் தடுத்து மெதுவாக ஓடைக்குக் கொண்டு சேர்க்கும். கான் வெட்டுதலும் ஆண்டுதோறும் அதைத் துப்புரவாக்குதலும் தோட்டத்து வேலைகளில் ஒன்றாக இருந்தமைக்குக் காரணம் இதுவே. கான்கள் தூர்ந்த மலைகளில் நீர் கண்டபடி பாய்ந்து ஓரிடத்தில் தேங்கி மண்ணுக்குள் இறங்குகின்றது. கைவிடப்பட்ட தேயிலை மலைகளும், மானாப்புல் மூடிய சரிவுகளும், வீதிக்காகவும் வீட்டுக்காகவும் நேர்குத்தாக வெட்டப்பட்ட மண்மேடுகளும் இன்று ஆபத்தானவையாகக் கருதப்படுவது இதனாலாகும்.

மரமும் உயிரினமும்

கம்பளைக் கிராமங்களின் வீட்டுத்தோட்டங்கள் தாமே ஒரு சிறு காடு போன்றவை. உயரத்தில் பலாவும் கித்துளும் கமுகும், இடையில் கராம்பும் சாதிக்காயும், மரத்தைப் பற்றிய மிளகுக் கொடியும், நிலத்தில் இஞ்சியும் மஞ்சளும் எனப் பல அடுக்குகளாக இவை அமைந்துள்ளன. மழைத்துளி நேரே மண்ணைத் தாக்காது இலைக்கு இலை தத்தி மெதுவாக இறங்குவதால் மண் காக்கப்படுகின்றது. ஆற்றங்கரையில் மருதமரமும் மூங்கிலும் கரையைப் பிடித்து நிற்கின்றன. மருதமரம் பல சிவாலயங்களுக்குத் தலவிருட்சமாவது அடியார்கள் அறிந்ததே. வேம்பு உலர்ந்த நிலத்து மரமாகையால் இந்த ஈரமலையில் அவ்வளவாகச் செழிப்பதில்லை.

தேயிலை மலைகளின் உச்சியிலும் ஓடைக்கரைகளிலும் எஞ்சியுள்ள காட்டுத்துண்டுகளில் மந்தி, மலையணில், முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி, சில இடங்களில் சிறுத்தையும் வாழ்கின்றன. தோட்டத்துப் பீலிகளில் வற்றாது விழும் நீர் பெரும்பாலும் அந்தக் காட்டுத்துண்டுகளில் ஊறுவதே. உச்சிக்காடு அழிந்தால் கோடையில் பீலி வற்றும்; மாரியில் மண் இறங்கும். கண்டிக்கு வடகிழக்கேயுள்ள நக்கிள்ஸ் மலைகள், ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக்காடு ஆகிய மூன்றும் 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டன. அப்பெருங்காடுகளைப் போலவே இச்சிறு காடுகளும் பேணத்தக்கவை.

மலை சரிந்த நாட்கள்

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால், மாற்றிடம் கிடைக்காத மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். 2016 மே 17ஆந் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்கள் புதைந்தன.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி இவை யாவற்றையும் விடப் பெரிது. நவம்பர் 28ஆந் திகதி கரையைக் கடந்த அச்சூறாவளியின் மழையினால் மலைநாடெங்கும் மண்சரிவுகள் ஏற்பட்டன. மகாவலி கரைபுரண்டு கம்பளை நகரும் சூழ்ந்த தாழ்நிலங்களும் நீரில் மூழ்கின. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் சிதைந்தது. நாடு முழுவதிலும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மாவட்டங்களுள் மிகக்கூடிய உயிரிழப்பைச் சந்தித்தது கண்டி மாவட்டமே. மேலே மலை சரிய, கீழே ஆறு பெருக, எப்பக்கம் ஓடுவது எனத் தெரியாது இரவைக் கழித்த குடும்பங்களுக்கு இதை நினைவூட்டத் தேவையில்லை.

இவ்வநர்த்தங்களில் ஒரு பாடம் உண்டு. மலையக மக்கள் பொதுவாக அஞ்சுவது ஆனி, ஆடி மாதத் தென்மேற்கு மழைக்கே. ஆனால், மீரியபெத்தை சரிந்தது ஐப்பசியில்; டித்வா வந்தது கார்த்திகையில். மண்ணுக்கு மாதம் தெரியாது. அது எவ்வளவு நீரைக் குடித்தது என்பதே கணக்கு.

அறிய வேண்டிய அடையாளங்கள்

மண் சரியும் முன்னர் மலை பெரும்பாலும் சில அடையாளங்களைக் காட்டும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் தோன்றி அகலும். மரங்களும் மின்கம்பங்களும் சாயும். கதவுகளும் யன்னல்களும் திடீரென இறுகும். நீரில்லாத இடத்தில் ஊற்று கிளம்பும், அல்லது ஓடிய ஊற்று திடீரென நிற்கும். தெளிந்த பீலி நீர் சேறாகும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொழுது விடியட்டும் எனக் காத்திராது அவ்விடத்தை விட்டு விலகுதல் வேண்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைக் கொண்டு மூன்று நிலைகளில் எச்சரிக்கின்றது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ அபாயப் பகுதியிலுள்ளோர் வெளியேறிவிட வேண்டும். அங்குலத்தில் சொன்னால் இவை முறையே மூன்று, நான்கு, ஆறு அங்குலமாகும். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்தை வீட்டிலுள்ள சிறுவரும் மனனஞ் செய்திருத்தல் நன்று.

மழையை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, எட்டு அங்குலத்துக்குக் குறையாத உயரமுள்ள வெறும் பேணி ஒன்றும் அடிமட்டம் ஒன்றும் போதும். கூரையும் மரமும் மறைக்காத வெளியில், நிலத்துச் சேறு தெறிக்காதவாறு ஒரு தூணின் மேல் அதனை நேராக நிறுத்த வேண்டும். நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் நீரின் ஆழத்தை அளந்து குறித்த பின் ஊற்றிவிட வேண்டும். கடும் மழை நாட்களில் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பார்க்க வேண்டும்.

ஆலயம் செய்யக்கூடியது

ஊரில் நாள் தவறாது ஒரே நேரத்தில் கதவு திறக்கும் இடம் ஆலயம். ஊர் முழுவதும் கேட்கும் மணி உள்ள இடமும் ஆலயம். ஆகையால் மழைமானிப் பேணியை வைப்பதற்கு ஆலய முன்றலை விடச் சிறந்த இடம் இல்லை. காலைப் பூசைக்கு வருபவர் அளவைப் பார்த்துப் பலகையில் எழுதலாம். நான்கு அங்குலத்தைத் தாண்டிய இரவில் பூசை நேரமல்லாத நேரத்தில் மணி ஒலித்தால், அதன் பொருள் ஊருக்கே விளங்க வேண்டும். எந்த வழியால் எங்கே செல்வது, நடமாட முடியாத முதியோரை யார் தூக்கிச் செல்வது என்பதை ஆலயப் பரிபாலன சபையும் இளைஞரும் வெயிற்காலத்திலேயே தீர்மானித்துக் கொள்ளலாம். ஆலயமே சரிவின் கீழ் இருப்பின், அங்கு ஒதுங்காது பாதுகாப்பான வேறிடத்தைத் தெரிதல் அவசியம்.

திருவிழாவுக்கு முந்திய சிரமதானத்தில் ஆலய வீதியோடு மேலேயுள்ள கான்களையும் துப்புரவாக்கலாம். கரகம் பாலிக்கும் ஓடைக்கரையில் மருதும் மூங்கிலும், வெட்டுமேடுகளில் வெட்டிவேரும் நடலாம். அன்னதானத்தை வாழையிலையில் இடலாம். இவை பெரும் செலவில்லாத திருப்பணிகள்.

இவற்றால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது. சரிவின் அடியிலும் ஓடையின் ஓரத்திலும் அமைந்த லயன்களில் வாழ்வோர், ஆபத்தை அறிந்த பின்னும் செல்ல வேறிடமின்றி இருக்கின்றனர். பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணியும் வீடும் கிடைக்கும்வரை அந்த அச்சம் நீங்காது. அதனை உரியவர்களிடம் ஒன்றுபட்டுக் கேட்பதும், கிடைக்கும்வரை ஒருவரையொருவர் காப்பதும் ஊராரின் கடமையாகும்.

மலையைக் குறிஞ்சி என்றும், அதற்குரிய தெய்வம் சேயோனாகிய முருகன் என்றும் வகுத்தனர் பண்டைத் தமிழர். மழையைத் தாயாக வணங்கினர் மலைக்கு வந்த முன்னோர். அந்த மலையையும் மழையையும் அறிந்து, மதித்து, அஞ்ச வேண்டிய வேளையில் அஞ்சி வாழ்வதே அவர்கள் காட்டிய வழி. மாதம் மும்மாரி அளவோடு பொழியவும், மலை நிலைத்து நிற்கவும், அடிவாரத்துப் பிள்ளைகள் அச்சமின்றி உறங்கவும் எல்லாம் வல்ல அம்பிகை திருவருள் பாலிப்பாளாக.